துணைக்கு எழுதிய பரீட்சை

மருந்துக்கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் ஒரு நாளாவது ‘நான் டாக்டர் இல்லீங்க’ என்று திருத்தியதில்லை. காய்ச்சலா, கால் வீக்கமா, பையனுக்குப் படிப்பு ஏறவில்லையா, எதைக் கேட்டாலும் கண்ணாடி மேஜைக்குப் பின்னாலிருந்து பதில் உடனே வரும். அந்தக் கடையில் இருமல் மருந்து தீர்ந்துபோகும், பஞ்சு தீர்ந்துபோகும், பதில் தீர்ந்துபோகாது. தெரியாது என்ற சரக்கை அவர் வாங்கி வைத்ததே இல்லை.

அப்பா டாக்டர் என்றால் மகள் குட்டி டாக்டர். ஆறு வயதில் தெரு வைத்த பெயர், பத்தொன்பது வயதாகியும் போகவில்லை. வீட்டில் சுருக்கிக் குட்டி என்பார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வை முதல் தடவை எழுதி அவள் கோட்டை விட்டபோதுகூடத் தெரு அந்தப் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கூப்பிடும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு மட்டும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது தடவைக்குப் படிக்க அவளுக்குக் கிடைத்த இடம் கடையின் பின்னறை. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, மேலே டானிக் பாட்டில்கள். வீட்டில் இருந்தால் போன் பார்ப்பாள், இங்கே என் கண் முன்னால் இருக்கட்டும் என்று அப்பா ஏற்பாடு செய்தது. ஆனால் அந்த அறைக்கும் கடைக்கும் நடுவில் இருந்தது சுவரல்ல, வெறும் பலகைத் தடுப்பு. அவள் படிக்கிற சத்தம் வெளியே போகாது. அவர் பேசுகிற சத்தம் ஒன்று விடாமல் உள்ளே வரும்.

“பேப்பர் ஒண்ணும் கஷ்டமில்லீங்க. நான் வாங்கிப் பார்த்தேன். கவனம் பத்தல, அவ்வளவுதான். போன் பார்த்தே கெட்டுப் போச்சு.”

இதைத் தலைவலிக்காரரிடம் சொன்னார். சர்க்கரை வியாதிக்காரரிடம் சொன்னார். விக்கல் நிற்கவில்லை என்று வந்தவர் பதில் பேச முடியாத நிலையில் இருந்தார், அவரிடம் கொஞ்சம் விரிவாகவே சொன்னார். மருந்து வாங்க வந்த அத்தனை பேருக்கும் குட்டியின் தோல்வி ஆளுக்கு ஒரு ஸ்பூன் ஊற்றிக் கொடுக்கப்பட்டது. அவள் உள்ளே உட்கார்ந்து தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று படித்துக்கொண்டிருந்தாள்.

கஷ்டமில்லையாம். அன்றைக்குத் தேர்வு அறையில் பக்கத்து இருக்கைப் பெண் இயற்பியல் பகுதியைத் திறந்ததும் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்ததைக் குட்டி பார்த்தாள். ஒவ்வொரு கணக்கும் அரைப் பக்கம். கேள்வி புரிவதற்குள் நேரம் ஓடிவிட்டது. பாடம் நடத்திய ஆசிரியர்களே வாயைப் பிளந்த கேள்வித்தாள் அது. வெளியே வந்ததும் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். ‘கஷ்டமாத்தான் இருந்திருக்கு, உன் தப்பில்ல’ என்று அப்பா ஒரு தடவை சொன்னால் போதும். எடுத்த மார்க்கைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. ஒரு வருஷம் அந்தப் பலகைக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு அதற்காகத்தான் காத்திருந்தாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கை மதிப்பெண் பட்டியல் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்லும்.

இத்தனைக்கும் அப்பாவும் ஒரு காலத்தில் இதே மாதிரி நுழைவுத் தேர்வு எழுதியவர்தான். ஒரே ஒரு மார்க்கில் போய்விட்டது என்பார். குட்டிக்கு விவரம் தெரிந்த வயதில் அது ஏழு மார்க்காக இருந்தது. பிறகு நாலாயிற்று, இரண்டாயிற்று, இப்போது ஒன்று. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் மனிதர் தேறியே விடுவார்.

அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு எழுத்துப் பலகையைக் காட்டிவிட்டு வருபவள், வீட்டில் அதிகம் பேச மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா குடும்பம் சாப்பிட வந்திருந்தது. அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார்.

“எங்க காலத்துல புத்தகமே கிடையாது. இப்ப எல்லாம் கையில வெச்சுக்கிட்டும் முடியலங்கிறாங்க. இந்தப் பேப்பரை நான் தூக்கத்துல எழுதுவேன்.”

அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள்: “வயசு வரம்பு கிடையாதாமே. முழிச்சுக்கிட்டே எழுதுங்களேன்.”

சித்தப்பா கை தட்டினார். தம்பி எதிரில் பின்வாங்குவதா? நுணலும் தன் வாயால் கெடும். அப்பா அன்றைக்கே விண்ணப்பித்தார்.

அதற்குப் பிறகு அவர் படித்தாரா என்றால், புத்தகத்தை மேஜைமேல் வைத்திருந்தார். தூசி தட்டினார். குட்டி ஒரு நாள் போனால் போகிறதென்று எச்சரித்தாள்.

“அப்பா, உங்க காலம் மாதிரி இல்ல. சரியா போட்டா மூணு மார்க், தப்பா போட்டா ஒரு மார்க் கழிச்சிடுவாங்க. தெரியாததை விட்டுடணும்.”

“தப்பா போட்டாத்தானே கழிப்பாங்க? நான் எதுக்குத் தப்பா போடப் போறேன்?”

இதற்கு மேல் என்ன சொல்ல? செவிடன் காதில் ஊதிய சங்கு. அவள் பின்னறைக்குப் போய்விட்டாள்.

தேர்வு நாளில் வாசலில் நின்ற காவலாளி, “பெத்தவங்கல்லாம் வெளியவே நில்லுங்க” என்று அப்பாவைத் தடுத்தார். அனுமதிச் சீட்டைக் காட்டியதும் சீட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். உலோகம் எதுவும் கூடாது என்று பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து வளர்த்த தொப்பைக்கு அந்த பெல்ட்தான் ஒரே ஆதாரம். இடது கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, பதினெட்டு வயசுப் பிள்ளைகள் நடுவே அவர் நடந்து போனார். போகிற போக்கில் திரும்பி, “பதட்டப்படாதே” என்று மகளுக்குப் புத்தி வேறு சொன்னார்.

குட்டிக்கு அந்த வருஷத் தேர்வு சுலபமாக இருந்தது. அவள் நன்றாகப் படித்திருந்தாள் என்பது வாஸ்தவம். ஆனால் கேள்வித்தாளே சாதுவானது. போன வருஷம் ஒருத்தி அழுத பக்கத்து இருக்கையில் இந்தத் தடவை வேறொரு பெண் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு எழுதிக்கொண்டிருந்தாள். கணக்குகள் இரண்டு வரியில் முடிந்தன. திரும்பச் சரிபார்க்கக்கூட நேரம் இருந்தது. இப்படி ஒரு தாள் போன வருஷம் வந்திருந்தால் ஒரு வருஷம் டானிக் பாட்டில்களோடு குடித்தனம் நடத்தியிருக்க வேண்டாமே என்று நினைத்தபோது அவளுக்கு ஆத்திரம் வந்தது.

வெளியே வந்த அப்பாவின் நெற்றி வேர்த்திருந்தது. “ஈஸிதான். ஒண்ணு விடல. எல்லாத்தையும் போட்டுட்டேன்” என்றார்.

முடிவு வந்த காலையில் அம்மாவும் குட்டியும் போனைச் சுற்றி நின்றார்கள். அப்பா எண்ணைத் தட்டினார். முதலில் தட்டியது தன் எண்ணை. மகள் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறாள், பெற்றவருக்கு முந்திக்கொண்டு வந்தது தன்னுடைய மார்க். திரையில் மைனஸ் பதினொன்று என்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குத்தியிருந்தால்கூடப் பூஜ்யத்தை ஒட்டி ஏதாவது வந்திருக்கும். இவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, யோசித்து, நிதானமாகக் கீழே போயிருந்தார்.

“மெஷின் தப்பு” என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

குட்டிக்கு இடம் கிடைக்கிற மார்க் வந்திருந்தது. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் காதோடு சொன்னாள்: “அப்பா மார்க்கை வெளிய சொல்லிடாத. பாவம், மனுஷன் தாங்க மாட்டார்.” குட்டி சரி என்றாள். ஜெயித்தவளுக்குக் கொஞ்சம் தாராளம் வரும்தானே.

அன்றைக்குச் சாயங்காலமே கடையில் கதை மாறிவிட்டது. கல்லூரியில் சேருவதற்கு முன் பின்னறையைக் காலி செய்து, புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த குட்டி எல்லாவற்றையும் கேட்டாள்.

“சாதாரணப் பரீட்சையா அது? லட்சம் பேர் எழுதுறாங்க. பேப்பர் பயங்கரக் கஷ்டம். நான் எழுதிப் பார்த்தவன் சொல்றேன். பொண்ணு பயப்படக் கூடாதேன்னு துணைக்கு உட்கார்ந்து எழுதினேன். என் ரிசல்ட்டையா? அதை எதுக்குப் பார்க்கிறது, எனக்கு எதுக்கு இனிமே?”

குட்டி கையிலிருந்த புத்தகத்தைப் பொத்தென்று போட்டாள். பிள்ளை தோற்றால் பரீட்சை சுலபம். பிள்ளை ஜெயித்தால் பரீட்சை மலை. பரீட்சையின் எடை மகளுக்கு ஏற்ப மாறுவதில்லை, அப்பாவின் மானத்துக்கு ஏற்ப மாறுகிறது. கஷ்டம் என்ற வார்த்தை கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தேவிட்டது, ஆனால் தப்பான வருஷத்துக்கு. வெளியே போய்த் திருத்த வேண்டும் போலிருந்தது. இருந்தாலும் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, போட்ட புத்தகத்தை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

அடுத்த வாரம் தையற்கடை அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணும் அதே தேர்வை இந்த வருஷம் முதல் தடவையாக எழுதித் தோற்றிருந்தாள்.

“சரியா சாப்பிட மாட்டேங்கிறா, தூங்க மாட்டேங்கிறா டாக்டர். சத்துக்கு ஏதாவது கொடுங்க” என்றாள் தையற்கடை அக்கா.

அப்பா மாத்திரை அட்டையை எடுத்தார். கத்தரிக்கோலை எடுத்தார். மாத்திரைக்கு முன்னால் மருந்து வந்தது.

“என்னம்மா, போன்லயே இருந்தியா? பேப்பர் ஒண்ணும் அவ்வளவு கஷ்டமில்லையே. கவனம் பத்தல, அதான். எங்க குட்டியைப் பாரு.”

உள்ளே மிச்சப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்த குட்டி பலகை இடுக்கு வழியாக அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவள் அழவில்லை. தரையில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு குட்டிக்கு நன்றாகப் பழக்கமானது. போன வருஷம் அவளே அப்படித்தான் நின்றிருக்கிறாள். வாக்காவது, மண்ணாவது. அவள் வெளியே வந்தாள்.

“எங்கப்பா எத்தனை மார்க் எடுத்தார்னு கேளு” என்றாள் அந்தப் பெண்ணிடம்.

“குட்டி, உள்ள போ.”

“மைனஸ் பதினொண்ணு.”

தையற்கடை அக்காவுக்கு விளங்கவில்லை. “மைனஸ்னா என்ன?”

“ஒண்ணுமே எழுதாம மூணு மணி நேரம் தூங்கிட்டு வந்திருந்தா, இதைவிடப் பதினொண்ணு கூட வந்திருக்கும்கா. அதுவும் இந்த வருஷம் பேப்பர் போன வருஷத்தைவிட ஈஸி.” அந்தப் பெண் பக்கம் திரும்பி, “ஈஸியான பேப்பர்லயே எங்கப்பா நிலைமை இது. நீ எவ்வளவு எடுத்த?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் தயங்கித் தன் மார்க்கைச் சொன்னாள். மூன்று இலக்கம்.

“அப்ப எங்கப்பாவை நீ எப்பவோ தாண்டிட்ட” என்றாள் குட்டி.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை நாள் கழித்து மகள் சிரிப்பதைத் தையற்கடை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள், மைனஸ் என்னவென்று மறுபடி கேட்கவில்லை. அப்பாவின் கத்தரிக்கோல் அட்டையில் கோணலாக ஓடி ஒரு மாத்திரையை இரண்டாக வெட்டியது. வேறு அட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். தாயும் மகளும் படியிறங்கியதும் குட்டி பக்கம் திரும்பினார்.

“ஆளுங்க முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே.”

“ஒரு வருஷமா என்னுதை யாரு முன்னாடி வாங்கினீங்க? நான் உள்ளதான்பா இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு.”

அவர் பலகைத் தடுப்பைப் பார்த்தார். இத்தனை காலம் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தாள் என்பது இப்போதுதான் உறைத்தது போலிருந்தது. மேஜைமேல் இருந்த அட்டைகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

“கஷ்டமாத்தான் இருந்துச்சு” என்றார் கடைசியில்.

“எது?”

“நான் எழுதினது.”

“போன வருஷம் நான் எழுதினது?”

கொஞ்சம் இரக்கம் இருந்தால் அங்கேயே சொல்லியிருக்கலாம். அவரால் முடியவில்லை. “அதை நான் எழுதலையே. எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது. தலைவலிக்காரர், சர்க்கரை வியாதிக்காரர், விக்கல்காரர் எல்லோரும் மனசுக்குள் வரிசையாக வந்து நின்றிருக்க வேண்டும். முகம் தொங்கிப்போயிற்று. குட்டிக்கு வேண்டிய வாக்கியம் வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கிடைத்ததைக் கைவிட அவள் தயாராக இல்லை.

“அப்ப அதையே சொல்லுங்க. கேக்கிற எல்லார்கிட்டயும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கடைசிப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, இருமல் மருந்துக்கு யாரோ வந்தார்கள். ஒரு பெரியவர் குரல்.

“என்ன டாக்டர், குட்டி டாக்டர் இந்தத் தடவை தேறிட்டாளாமே? போன தடவை ஏன் கோட்டை விட்டா? பேப்பர் ஈஸின்னு சொன்னீங்களே?”

குட்டி கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். வெளியே பாட்டில் எடுக்கிற சத்தம் கேட்டது. உறையில் போடுகிற சத்தம் கேட்டது.

“தெரியாதுங்க” என்றார் அப்பா.

பெரியவருக்குக் காது சரியில்லை போலிருக்கிறது, “என்னது?” என்றார். அப்பா இன்னொரு தடவை, உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.