பத்து மீட்டருக்குள்

கார் தேவாலய முனையில் திரும்பும்போது ரீக்காவின் ஹெட்போன் இரண்டு தடவை கீச்சிட்டு அடங்கியது.

"பேட்டரி போச்சு," என்றாள். ராத்திரி சார்ஜ் போட மறந்திருந்தாள்.

ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா ஆர்மஸ் ஹேபோலம்பி மூச்சை உள்ளுக்கு இழுத்து "யோ" என்றார். ஃபின்லாந்தின் அந்தப் பக்கத்தில் 'ஆமாம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள். பாதி சொல், பாதி மூச்சு. அதுவும் நல்லதாய்ப் போயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார். அன்று ஊர் டிஸ்க் கோல்ஃப் கிளப்பின் ஆண்டுப் போட்டியில் கடைசிச் சுற்று. அது முடிந்ததும் கிளப் குடிலில் கூட்டம். போட்டியில் யாரும் ஹெட்போன் மாட்டக் கூடாது என்ற தீர்மானத்தைக் கூட்டத்தில் வைக்கப்போகிறவர் அவர்தான். அவருடைய மகளே காதை அடைத்துக்கொண்டு ஆடினால் ஊர் வாயால் சிரிக்காது.

ஆனால் காட்டோரம் வண்டி நின்றதும் ரீக்கா இறங்கி, தட்டுகள் அடுக்கிய பையைத் தோளில் மாட்டினாள். பிறகு செத்துப்போன ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். ஆர்மஸ் பார்த்தார். வண்டிக் கதவைச் சாத்தினார்.

டிஸ்க் கோல்ஃபில் நடுவர் கிடையாது. மரங்களுக்கு நடுவே தட்டை எறிந்து எறிந்து போய், சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் சேர்க்க வேண்டும். வீச்சு குறைந்தவர் வென்றவர். கூட ஆடுகிறவர்கள்தான் ஒருவருக்கொருவர் காவல். ஒருவர் தவறு என்றால் போதாது, இன்னொருவரும் ஆமாம் என்றால்தான் தவறு. ஆகவே ஆடுகிறவனுக்குக் கண்ணும் வேண்டும், காதும் வேண்டும் என்பது ஆர்மஸின் கட்சி. புதரில் விழுந்த தட்டை, அது பைன் மரத்தில் பட்ட சத்தத்தை வைத்துத்தான் தேடுகிறார்கள். ஜூன் மாதம் ஒருவன் காதுக்குள் பாட்டை ஓடவிட்டு நின்றதால் "பாத்து!" என்ற கூச்சல் கேட்காமல் தோளில் தட்டு வாங்கினான். இதையெல்லாம் தீர்மானத்தில் எழுதியிருந்தார். எழுதாத காரணம் வேறு. கடையில் மீன் நிறுத்துக் கொடுக்கிற பெண்மணி ஒருநாள் கேட்டுவிட்டாள்: "உங்க பொண்ணு என்ன, வணக்கம் சொன்னாக்கூட திரும்ப மாட்டேங்கறா?"

அவருடைய தாத்தாவும் அப்பாவும் நில அளவைக்காரர்கள். அவரும் ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். இரண்டு பண்ணைக்காரர்கள் எல்லைக்காகக் கோடாலி தூக்கினாலும், 'ஹேபோலம்பி நட்ட கல் நகராது' என்று சொன்னால் கோடாலியைக் கீழே போட்டுவிடுவார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வணக்கத்துக்குத் திரும்பாமல் போவதா? கேட்டால், பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்கப் பாத்திரச் சத்தம், விளையாடும்போதாவது அமைதி வேண்டும் என்பாள். நாற்பத்தொரு வயது மகளை அதற்குமேல் கேட்க முடியாது.

அவர்களோடு மூன்றாவதாக ஆடியவர் பெட்ரோல் நிலையம் வைத்திருக்கும் ஓஸ்மோ. எறிகிற நேரம் தவிர வாய் ஓயாதவர்.

"என்ன ஆர்மஸ், சாயங்காலம் சட்டம் போடப்போறியாமே? முதல்ல உன் வீட்டுல போட்டுட்டு வாயேன்!"

"சட்டம்னு வந்தா எல்லாருக்கும்தான்."

"ஃபின்லாந்து முழுக்கக் கூடை நட்டாச்சு, எங்கயும் இந்தச் சட்டத்தைக் காணோம். நம்ம ஊருக்கு மட்டும் பெரியவர் ஒருத்தர் கெடச்சிருக்காரு." சொல்லிவிட்டு ரீக்காவின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். "ஏம்மா, உள்ள யாராவது இருக்கீங்களா?"

அவள் சிரிக்காமல் தன் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நன்றாகத்தான் ஆடினாள். முந்தின நாள் பெய்த மழையில் வேர்களெல்லாம் வழுக்கின. ஆர்மஸுக்கு வலது முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை. ஆனாலும் வீச்சுக் கணக்கில் விடாமல் முன்னால் நின்றார். ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. கூடைக்கு எறியுமுன் ரீக்கா ஒவ்வொரு தடவையும் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தாள். அவர் பக்கத்தில் இருந்தால் ஹெட்போனை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

பதினேழாவது கூடைக்கு வந்தபோது ஆர்மஸ் ரீக்காவைவிட ஒரு வீச்சு முன்னால் இருந்தார். ஓஸ்மோவும் மற்றவர்களும் எட்ட முடியாத தூரத்துக்குப் பின்தங்கிவிட்டார்கள்; கோப்பை இந்த இருவரில் ஒருவருக்குத்தான். ஆர்மஸின் தட்டு கூடையிலிருந்து ஆறேழு மீட்டரில் கிடந்தது. பத்து மீட்டருக்குள் நின்று எறிகிறவர், எறிந்தபின் நிலைகொண்டு நின்றுகாட்ட வேண்டும். தள்ளாடி, தட்டு கிடந்த இடத்தில் வைத்த குறியைத் தாண்டி அடி வைத்தால் ஒரு வீச்சு தண்டம். ஆர்மஸ் எறிந்தார். சங்கிலி குலுங்கியது, தட்டு உள்ளே விழுந்தது. அதே நேரத்தில் முழங்கால் மடங்கி, வலது கால் குறியைத் தாண்டி ஈரப்பாசியில் பதிந்தது. உடனே பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அடி தாண்டிடுச்சு!" என்றார் ஓஸ்மோ. பிறகு, அதே எண்ணிக்கை வீச்சில் முன்பே முடித்துவிட்டுக் கூடைக்கு அந்தப் பக்கம் நின்ற ரீக்காவைக் கூப்பிட்டார். "ரீக்கா! பாத்தியா? ரீக்கா!"

அவள் மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓஸ்மோ போய்த் தோளைத் தட்டினார். ஒரு பக்கக் காதை மட்டும் விலக்கினாள்.

"உங்கப்பா அடி தாண்டினதைப் பாத்தியா இல்லையா?"

"இல்ல. நான் கவனிக்கல."

ஓஸ்மோ திரும்பி வந்தார். கோபமாக இருந்த மாதிரி தெரியவில்லை, குஷியாகத்தான் இருந்தார். "அதிர்ஷ்டக்காரன்யா நீ. இதைத்தானே தடை பண்ணணும்னு குதிச்சே? இப்ப அதே உனக்கு வீச்சை மிச்சம் பண்ணிக் கொடுத்துடுச்சு. தனி ஆளு சொல்லி என்ன, எழுதிக்கோ."

பாசியில் கால் பதிந்த பள்ளத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. ஆர்மஸ் அதையே பார்த்தார். அந்தக் கால் யாருடையது என்று ஊருக்குத் தெரியவேண்டாம்; அவருக்குத் தெரியும். அவள் காதில் பாட்டு எதுவும் ஓடவில்லை என்பதும் தெரியும்.

"தாண்டித்தான் வெச்சேன்," என்றார். "ஒண்ணு சேத்துக்கோ."

ஓஸ்மோ அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார். அப்பாவும் மகளும் சமமாகிவிட்டார்கள்.

கடைசிக் கூடைக்குப் போகும் பாதை பில்பெரி என்ற காட்டுப்பழச் செடிகளுக்கு நடுவே குறுகலாகப் போகும். ஆர்மஸ் பின்னால் வந்த மகளுக்காக நின்றார்.

"பேட்டரி காலையிலயே போச்சு."

"ஆமா." ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"ஓஸ்மோ கூப்பிட்டது கேட்டுச்சு."

"கேட்டுச்சு."

"நான் கால் வெச்சதையும் பாத்தே."

"பாத்தேன்."

"பாத்துட்டுப் பொய் சொல்லி எனக்குக் கோப்பையைப் பிச்சை போடுறியா?"

"பிச்சை இல்லப்பா. பாத்தேன்னு சொன்னா கிறிஸ்துமஸ் வரைக்கும் உங்க மூஞ்சிய யாரு பாக்கறது?"

"நம்ம வீட்டுல பொய் சொன்னவங்க..."

"கல் நகராது. தெரியும். பொறந்ததுலேர்ந்து கேக்கறேன்."

அவர் நடக்கத் தொடங்கி, மறுபடி நின்றார். "சத்தமே வராததை எதுக்கு மாட்டிக்கிட்டு அலையறே?"

அவள் ஒரு செடியிலிருந்து வதங்கிய பழம் ஒன்றைக் கிள்ளினாள்.

"நான் எறிஞ்சது தப்பிப்போனா நீங்க மூச்சை உள்ள இழுப்பீங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, இழுப்பீங்க. பியானோல தப்பா வாசிச்சப்பவும் அப்படித்தான். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒத்துவரலன்னு வந்து சொன்னேனே, அன்னிக்கும் அப்படித்தான். அது என் காதுல விழக் கூடாது. பாட்டுல்லாம் எனக்கு எதுக்கு?"

"நானா? நான் அப்படிப் பண்றதே இல்லையே!"

அவள் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். முன்னால் போய்க்கொண்டிருந்த ஓஸ்மோ தலையை ஆட்டினார். பாதையிலிருந்த கிளைக்காக ஆட்டினாரா, பேச்சைக் கேட்டு ஆட்டினாரா தெரியவில்லை.

பதினெட்டாவது கூடை குடிலை ஒட்டியது. ஆடி முடித்தவர்கள் காப்பிக் கோப்பையோடு நின்றார்கள். நெருப்பின்மேல் இரும்புக் கம்பிவலையில் சாஸேஜ் வெடித்துக்கொண்டிருந்தது. கிளப் செயலாளர் தீர்மானத் தாளை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். ஓஸ்மோ முடித்தார். ஆர்மஸ் மூன்று வீச்சில் முடித்து ஒதுங்கினார். ரீக்கா இரண்டு வீசியிருந்தாள். தட்டு கூடையிலிருந்து பத்து மீட்டருக்குச் சற்று உள்ளே கிடந்தது. தப்பினால் அப்பாவுக்குக் கோப்பை. விழுந்தால் இருவரும் சமம், மறுபடி ஆடவேண்டும்.

அவள் குறி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அப்பா நிற்கும் இடத்தைப் பார்த்தாள். பிறகு நேராக அவரிடம் நடந்து வந்து, கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தத் தடவை நீங்க மாட்டிக்கோங்க."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்பா."

செயலாளர் பார்த்தார். மீன்கடைப் பெண்மணியும் பார்த்தாள். "இருக்கற சட்டப்படி தப்பில்லையே, மாட்டுய்யா!" என்று ஓஸ்மோ கத்தினார், யாரோ சிரித்தார்கள். ஆர்மஸ் முதுகை நிமிர்த்திக்கொண்டார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லைக் கல்லை நிறுத்துகிற கவனத்தோடு, இரண்டு காதையும் மூடினார்.

சிரிப்பு நின்றது. சாஸேஜின் சடசடப்பு நின்றது. ஓஸ்மோவின் கூச்சல் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. அந்த அமைதிக்குள் எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது, அடுப்புப் புகைக்குழாயைத் திறந்ததும் காற்றை இழுக்குமே, அதைப்போல. எங்கே என்று சுற்றிலும் பார்த்தார். மரங்கள் அசையவில்லை.

ரீக்கா குனிந்து, நிமிர்ந்து, கையை வீசினாள். தட்டு அவள் விரலைவிட்டுப் போனதும் சற்றே இடப்பக்கம் சாய்ந்தது. அந்தச் சத்தம் பெரிதாக அவர் தலைக்குள்ளிருந்தே எழுந்தது. ஆர்மஸ் வாயை இறுக மூடிக்கொண்டார். நெஞ்சில் பாதி இழுத்த மூச்சு அப்படியே நின்றது. தட்டு இன்னும் காற்றில் இருந்தது.