கொசுறாக ஒரு திருகு

அம்மாவின் சிரிப்புக்கு மெக்கானிக் சொன்ன விலை எழுநூறு. பட்டன் கடைக்காரியான மகள் நானூற்றுக்குக் கேட்டாள். சிரிப்பின் நீளம் நாற்பத்தொரு நொடி. அது பதிந்த கேசட்டைக் காட்டக்கூடிய வீடியோ டெக் உலகத்தில் ஒன்றே ஒன்று, அது கைக்குழந்தை மாதிரி அவள் இடுப்பில் உட்கார்ந்திருந்தது. வேறு வழியில்லாதவள் என்பது முகத்தில் தெரிந்துவிட்டால் பேரம் படியாது. அதனால், "பழைய இரும்புக்குப் போட்டுடலாமான்னு யோசிச்சுட்டேதான் வந்தேண்ணே," என்றாள்.

அவரும் சளைத்தவரில்லை. "இரும்புக்கடை எதிர்லதாம்மா இருக்கு," என்றார், தலையைத் தூக்காமல்.

ஐந்நூற்றைம்பதில் வந்து நின்றது. ஆனால் முடிந்த பேரத்திலிருந்து ஒரு கொசுறாவது பிடுங்காமல் நகர்ந்தால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு டஜன் வாங்கிவிட்டுப் பதின்மூன்றாவது பட்டனுக்குக் கை நீட்டுகிறவர்களை வைத்தே பிழைத்த குடும்பம்.

"பெல்ட் மாத்துறீங்க, ஹெட்டைத் தொடைக்கிறீங்க. சரி, கொசுறா என்ன?"

"கொசுறா, உள்ளே இருக்கிற கோணலையெல்லாம் நிமித்தித் தரேன். போதுமா தாயே?"

போதும் என்று ஜெயித்த முகத்தோடு படியிறங்கினாள்.

இன்ஷூரன்ஸுக்காக அப்பா எடுத்த வீடியோ அது. ஒரு நாள் வாடகைக்குக் கேமரா வாங்கி வந்து, கடையிலிருந்த ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்து, சரக்கின் பெயரும் எண்ணிக்கையும் விலையும் சொல்லிக்கொண்டே எடுத்தார். இரண்டரை மணி நேரம் வெறும் பட்டன். கடைசி இழுப்பறையை மூடிய பிறகு கேமரா திரும்புகிறது. கல்லாவில் அம்மா. ஏதோ சொல்கிறாள், சிரிக்கிறாள். வாடகைக் கேமராவோடு அசல் கேசட்டும் திரும்பிப் போய்விட, இந்த டெக்கில் அப்பா எடுத்துவைத்த பிரதி மட்டும் மிஞ்சியது. பல் தெரியச் சிரித்தால் எதிரில் நிற்பவன் விலையைக் குறைத்துக் கேட்பான் என்பது அம்மாவின் கொள்கை. கல்லாவில் மட்டுமில்லை, வீட்டிலும் அதே கொள்கைதான். அவள் போய் ஒன்பது வருஷமாகிறது. எதற்குச் சிரித்தாள் என்பது மகளுக்குத் தெரியாது. டெக்கின் பெல்ட் தளர்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கொட்டாவி விடுவதுபோல் சத்தம் இழுபட ஆரம்பித்துப் பல காலம் ஆகியிருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கேசட்டோடு போனாள். மெக்கானிக் முதலில் தன்னுடைய சோதனைக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி படம். "எப்படி?" என்பதுபோல் புருவத்தை உயர்த்திவிட்டு அவளுடையதைப் போட்டார்.

திரை முழுக்கப் பனி. வெள்ளையும் சாம்பலுமாகப் புள்ளிகள் கொதித்தன. அந்தப் பனிக்குள்ளிருந்து, பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல், அப்பாவின் குரல் வந்தது. "நாலு ஓட்டை, வெள்ளை, இருபது டஜன்." இத்தனை வருஷத்துக்குப் பிறகு குரல் அப்பாவுடையதாகவே இருந்தது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"படம் எங்கண்ணே?"

மெக்கானிக் காதைச் சொறிந்தார். "இந்த டெக் எப்பவாவது கீழே விழுந்துச்சா?"

விழுந்திருந்தது. வாங்கி வந்த அன்றைக்கே, சைக்கிள் கேரியரிலிருந்து.

"அதான். உள்ளே ஒரு கம்பி சாஞ்சிருந்துச்சு. சாஞ்ச வாக்கிலேயே இந்த நாடாவில பதிஞ்சிருக்கு. கோணலா எழுதினதைக் கோணலாத்தாம்மா படிக்க முடியும். நான் நிமித்திட்டேன்."

"யாரு உங்களை நிமித்தச் சொன்னா?"

யார் சொன்னது என்பது இருவருக்கும் தெரியும்.

"பழையபடி திருப்பிடுங்க."

"எவ்வளவு திருப்பினேன்னு குறி வைக்கலியே. கோணலுக்கு யாரும்மா குறி வைப்பா?" கேசட்டின் மூடியைத் தூக்கி நாடாவைப் பார்த்தார். "தேடிப் பாக்கலாம். ஆனா வயசான நாடா. ஓட்ட ஓட்ட உதிரும். பத்துத் தடவை ஓட்டினா உங்கம்மா முகமே மிஞ்சுமான்னு தெரியாது."

அவளுக்குள் கல்லா திறந்துகொண்டது. "அம்மாவை ஓட்டாதீங்க. பட்டனை ஓட்டுங்க. ரெண்டரை மணி நேரச் சரக்கு இருக்கு, உதிரட்டும்."

மூடியைக் கழற்றி வைத்த டெக்குக்குள் உருளை மினுமினுவென்று சுழன்றது. அவர் அந்தக் கம்பியின் திருகை மயிரிழை அளவு திருப்புவார், திரையைப் பார்ப்பார், மறுபடி மயிரிழை. அப்பா சலிக்காமல் சரக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். சிப்பி, பெரியது. கொம்பு, பழுப்பு. பனியின் ஆழத்தில் ஏதோ அசைந்தது. ஒரு நீலப் பட்டன் மேலே மிதந்து வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி அமிழ்ந்தது. பிறகு ஒரு கைப்பிடி பவழ நிறம். பிறகு அப்பாவின் ஆள்காட்டி விரல், அது எந்தக் கையோடும் சேராமல் இழுப்பறையின் மேல் நீந்திப் போனது. எப்போதோ விற்றுத் தீர்ந்த சட்டைகளும் கோட்டுகளும் எங்கோ ஓர் அடிநீரில் இந்தப் பட்டன்களுக்காகத் திறந்த மார்போடு காத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. கண்ணை மூடினாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. மூடினாலும் பனி பெய்துகொண்டுதான் இருந்தது.

"இவ்வளவுதாம்மா வருது," என்றார் மெக்கானிக். திரையின் அடியில் நாலு விரல்கடைக்குப் பனி. அதற்கு மேல் பட்டன்கள் பளிச்சென்று நின்றன. "இப்போ அம்மாவை ஓட்டவா?"

தலையாட்டினாள்.

கடைசி இழுப்பறை மூடியது. கேமரா திரும்பியது. "கடைசிச் சரக்கு," என்றது அப்பாவின் குரல். "எண்ணிக்கை ஒண்ணு. என்ன விலை போடலாம்?"

அம்மா கணக்கு நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். "நீங்க எப்படியும் பாதிக்குத்தான் கேப்பீங்க. ரெட்டிப்பாவே போட்டு வைங்க."

கண் சுருங்கியது. மூக்கு விரிந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் பனி. பனிக்குள்ளிருந்து சிரிப்பு கலகலவென்று கொட்டியது. அப்பாவும் சிரித்திருக்க வேண்டும், படம் குலுங்கியது. நாற்பத்தொரு நொடி.

"இன்னும் ஒரு இழை திருப்பினா வாயும் தெரியலாம்," என்றார் மெக்கானிக், ஸ்க்ரூ டிரைவரை எடுக்காமலேயே. "இல்ல, கண்ணும் போயிடலாம்."

கை நீட்டாமல் அவள் எந்தக் கடையிலும் நின்றதில்லை. முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டாள்.

"வேண்டாண்ணே. அப்படியே விடுங்க."

அவர் சிவப்பு நகப்பாலீஷ் எடுத்து, திருகின் தலையில் ஒரு பொட்டு வைத்தார். மூடியை மாட்டினார். பிறகு பில் புத்தகத்தை இழுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். பெல்ட், இருநூற்றைம்பது. ஹெட் சுத்தம், முந்நூறு. நிமிர்த்தியது, கொசுறு. நான்காவது வரியில், திரும்பக் கோணலாக்கியது.

பென்சில் நின்றது.

"இதுக்கு என்ன விலை போடலாம்?" என்று கேட்டார், நிஜமாகவே தெரியாமல்.

அவள் நிமிர்ந்தாள். அவளுடைய கண்ணும் சுருங்கியது, மூக்கும் விரிந்தது. பின்னால், நிறுத்தப்படாத டெக்கில் அம்மாவுக்குப் பிறகான வெறும் நாடா ஓடிக்கொண்டிருந்தது. திரையின் பனி வெளிச்சம் பில் புத்தகத்தின் மேல் விழுந்து, நான்காவது வரியின் காலிக் கட்டத்திலும், அதன் கீழே 'மொத்தம்' என்ற இடத்திலும் மெல்ல அலைந்தது.