மணிமேடைக் குழாய்

வெட்டுக்காட்டில் என்று வீட்டுப் பேர் கொண்ட அவிராச்சனை ஒலிபெருக்கி வாங்கும் கமிட்டியில் போட்டார்கள் என்றதும் ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் அவரிடமே வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, வளைவு திரும்பியதும் சிரித்தார்கள். ஆறு வருஷமாக மாதா கோவிலுக்குள் காலடி வைக்காத மனுஷனைக் கூப்பிட்டு, உள்ளே எது நன்றாகக் கேட்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றால் வேறென்ன செய்வார்கள்?

அவிராச்சன் பூசைக்கு வராதவர் அல்ல. ஒரு ஞாயிறு தவறியதில்லை. இஸ்திரி போட்ட வெள்ளை முண்டும் சட்டையுமாக மனைவி ஏலிக்குட்டியோடு ஜீப்பிலிருந்து இறங்குவார். அவள் உள்ளே போவாள், அவர் முற்றத்தில் கோவில் மணி தொங்கும் மணிமேடைக்குக் கீழே போய் நிற்பார். பிரசங்கம் தொடங்கினால் ஆண்பிள்ளைகள் வெளியே நழுவுவது அந்த மலைப்பக்கத்தில் எல்லாக் கோவிலிலும் உள்ள பழக்கம்தான். ரப்பர் விலை, வேலித் தகராறு, யார் வீட்டுப் பெண் கனடா போகிறாள், எல்லாம் அங்கேதான் அலசப்படும். ஆனால் பிரசங்கம் முடிந்ததும் மற்றவர்கள் பீடியை அணைத்துவிட்டு உள்ளே திரும்புவார்கள். அவிராச்சன் திரும்பமாட்டார். கேட்டால் உள்ளே புழுக்கம் என்பார்.

புழுக்கமாவது ஒன்றாவது. அவருடைய ஒரே மகன் ஜோமோன் பைக்கில் போய் லாரியில் மோதிச் செத்தபோது, அந்தக் கோவிலின் நடுப்பாதையில்தான் பெட்டியை இறக்கி வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தாண்ட அவருக்குக் கால் வரவில்லை. மணிமேடையில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள்தான் அவருக்குக் கோவில், பீடம், எல்லாம். அவற்றைக் கழற்றிவிட்டால் ஒன்று அவர் உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் பூசையே இல்லை.

அதனால்தான் புதிதாக வந்த பங்குச் சாமியார் சிரில் அச்சன் கமிட்டிக்கு இவர் பெயரைச் சொன்னதும் அவிராச்சனுக்கு மூக்கு வியர்த்தது. தாடி கூடச் சரியாக முளைக்காத சாமியார். வந்து நாலு மாதம் ஆகவில்லை, அதற்குள் வீடு வீடாகப் போய்ச் சிரித்துப் பேசி ஊரையே கைக்குள் போட்டுக்கொண்டார். சிரிக்கிற சாமியாரை அவிராச்சன் நம்புவதில்லை. திட்டுகிற சாமியார் என்றால் மனசில் உள்ளது வெளியே வந்துவிடும்.

"ஆட்டை வெட்டறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சுத் தலையாட்ட வைப்பாங்க பாரு, அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காரு" என்றார் மணிமேடை நண்பர் குஞ்ஞாக்கோவிடம்.

"எதுக்குத் தலையாட்டணும்?"

"குழாயைக் கழட்டறதுக்கு. வெளிய நிக்கிற நம்மளையெல்லாம் உள்ள ஓட்டறதுக்கு."

குஞ்ஞாக்கோ மேலே குழாயை அண்ணாந்து பார்த்தார். "அப்படி ஏதாச்சும் நடந்தா சொல்லு. நான் அந்த லத்தீன் சபைக் கோவிலுக்குப் போயிடறேன்."

கமிட்டியில் மொத்தம் மூன்று பேர். கோவில் நிர்வாகம் பார்க்கும் கைக்காரர் ஔதக்குட்டி, பாடகர் குழுவை நடத்தும் றோசிலி டீச்சர், பிறகு அவிராச்சன். பழைய செட்டு கெட்டுப்போனது என்பதில் மூவருக்கும் சண்டையில்லை. அச்சன் பீடத்திலிருந்து ஒரு முறை கர்த்தர் என்று சொன்னால் கடைசி வரிசைக்கு மூன்று கர்த்தர்கள் போய்ச் சேர்ந்தார்கள். சண்டை எதை வாங்குவது என்பதில்தான்.

எறணாகுளத்துக் கம்பெனி முதலில் வந்து மாதிரி காட்டியது. தூண்களில் ஒல்லியாக, நீளமாக, வெள்ளைப் பெட்டிகளை மாட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அங்கே பெட்டி இருப்பதே தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருளை எதற்கு விற்கிறான் என்று அவிராச்சனுக்கு முதல் சந்தேகம். அவர் வராந்தாவோடு நின்றுகொண்டார். டீச்சர் ஒரு பாட்டின் இரண்டு வரி பாடினாள். காதுக்குப் பக்கத்தில் வந்து பாடுவதுபோல் இருந்தது. அச்சன் காகிதம் புரட்டிய சத்தம் கூடக் கேட்டது.

"எப்படி சேட்டா?" என்று மைக்கிலேயே கேட்டார் அச்சன்.

"இங்க நல்லாத்தான் இருக்கு. நான் நிக்கிற இடத்துல பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு அவிராச்சன் மணிமேடைக்கு நடந்தார். ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. அவர் திரும்பி வந்து, "அங்க ஒண்ணும் கேக்கலியே. வெளிக் குழாய் எங்கே?" என்றார்.

கம்பெனிக்காரன் அச்சனைப் பார்த்தான். அச்சன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"அதை அப்புறம் பேசிக்கலாம் சேட்டா" என்றார் அச்சன்.

அந்த ஒரு பார்வை போதும். மூன்று பேரும் கூட்டு என்று அவிராச்சன் அன்றே முடிவு கட்டிவிட்டார்.

அடுத்து உள்ளூர்த் தங்கச்சன் கொண்டுவந்து காட்டிய செட்டில் நான்கு குழாய்கள் இருந்தன. சத்தம் அடுத்த மலையில் முட்டித் திரும்பியது. உள்ளே டீச்சர் காதைப் பொத்திக்கொண்டாள். அவிராச்சனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதுதான் செட்டு! வாங்கினா இதை வாங்கணும்" என்றார்.

ஔதக்குட்டி அவரை ஓரமாக இழுத்து, "தங்கச்சன் உம்மகிட்ட எத்தனை குப்பி கொடுத்தான்?" என்று கேட்டார்.

"நான் குடிச்சு எத்தனை வருஷமாச்சுன்னு உமக்குத் தெரியாதா? எறணாகுளத்துக்காரன் உமக்கு என்ன கொடுத்தான், அதைச் சொல்லும் முதல்ல!"

இரண்டு பேரும் கோவில் பெருநாள் வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவிராச்சனுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சந்தேகம்தான். ஒரு நாள் சாயங்காலம் அச்சன் தனியாக மணிமேடைக்குக் கீழே நின்று, சரியாக அவிராச்சன் நிற்கும் இடத்தில் நின்று, பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும், "சேட்டா, குழாய்ச் சத்தம் உங்க வீட்டு அடுக்களை வரைக்கும் கேக்குமா?" என்று கேட்டார்.

"நல்லா கேக்கும். ஏன்?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிற கேள்வியா அது? வீட்டில் உட்கார்ந்தே பூசை கேட்டுவிடுகிறேனோ என்று நோட்டம் பார்க்கிறார் என்று அவிராச்சனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு நாள் றோசிலி டீச்சர் அவிராச்சன் வீட்டு வாசலில் ஏலிக்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தவள், இவர் ஜீப்பைக் கண்டதும் பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசினாள். வானத்தில் மேகமே இல்லை.

ராத்திரி கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடும்போது மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "டீச்சர் என்ன சொன்னா? உளவு பார்க்க வந்தாளா? நான் சொல்றேன் கேட்டுக்கோ, அந்தக் குழாய்மேல ஒருத்தன் கை வைக்கட்டும், பார்ப்போம். பொதுயோகத்துல அச்சனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கப் போறேன்."

ஏலிக்குட்டி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். "ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள். அவள் தன் கட்சி என்பதில் அவிராச்சனுக்குச் சந்தேகம் எழவே இல்லை. ஊரில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான்.

ஊர்க் குடும்பங்கள் சேரும் பொதுயோகம் ஞாயிறு பூசை முடிந்ததும் கோவிலை ஒட்டிய மண்டபத்தில் கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறு பக்கம். பெண்கள் யோகத்துக்கு வர ஆரம்பித்ததே சமீபத்தில்தான். வந்தாலும் பேசமாட்டார்கள். அச்சன் எழுந்து, கமிட்டியில் இரண்டு பேர் எறணாகுளத்துச் செட்டைச் சொல்கிறார்கள், அதையே வாங்கலாம் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மணிமேடையில உள்ள குழாய் ரெண்டையும் இறக்கிடலாம்னு ஒரு யோசனை. வெளிய நிக்கிறவங்களுக்கு வராந்தாவுல சின்னதா ஒரு பெட்டி வச்சுக்கலாம்" என்றார்.

அவிராச்சன் நாற்காலி தள்ளப்பட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரோட யோசனை அச்சோ இது?"

"ஒரு வீட்டுல கேட்டுக்கிட்டாங்க."

"எந்த வீட்டுல?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, சேட்டா."

"அனுமதி இல்லையாம்!" அவிராச்சன் ஆண்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? ஒரு மாசமா கண்ணைக் கண்ணைக் காட்டிக்கிறாங்க. மழையே இல்லாத அன்னிக்கு மழையைப் பத்திப் பேசறாங்க. எங்கப்பன் காலத்துல கட்டின குழாய், அச்சோ. எந்த வீட்டுக்காரனுக்கு அது உறுத்துது? பேரைச் சொல்லாம இங்கேருந்து ஒருத்தரும் போக முடியாது!"

"சொல்லணும்! சொல்லணும்!" என்று பின்வரிசையிலிருந்து குஞ்ஞாக்கோ குரல் கொடுத்தார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அச்சனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் பெண்கள் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். ஏலிக்குட்டி.

"நம்ம வீடுதான். அச்சன் வீடு பார்க்க வந்தப்போ நான்தான் சொன்னேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் நான்தான் சொன்னேன். அவரைப் பிடிச்சு ஏன் உலுக்கறீங்க?"

அவிராச்சன் பெண்கள் பக்கம் இரண்டு அடி வந்து நின்றார்.

"ஜோமோன் போன அன்னிக்கு நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க" என்றாள். அவளுக்குக் கூட்டம் கண்ணில் படவே இல்லை, அவரைப் பார்த்தே பேசினாள். "நான் அடுக்களையில மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். குழாய் கரகரத்துச்சு. மணியடிக்கிற கோயில்பிள்ளை லோனப்பன் சேட்டன் குரல். அவர் சாவு அறிவிப்பை எப்படிச் சொல்வார்னு எல்லாருக்கும் தெரியும். முதல்ல வீட்டுப் பேர், அப்புறம் அப்பன் பேர், கடைசியிலதான் செத்தவங்க பேர். நிறுத்தி நிறுத்திச் சொல்வார். வெட்டுக்காட்டில்னு சொன்னார். ஐயோ, தறவாட்டுப் பெரிய வீட்டுல படுக்கையா கிடந்த பெரியப்பா போயிட்டார்போலன்னு சிலுவை போட்டுக்கிட்டேன். அவிராச்சன்னு சொன்னார். உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு அடுப்பைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் மகன்னு சொன்னார்."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"எனக்கு மூணு சாவு கேட்டுச்சு அன்னிக்கு. கடைசியிலதான் என் பிள்ளை."

"குஞ்ஞூட்டி வந்து சொன்னான்னுதானே..." அவிராச்சனின் குரல் யாருடையதோபோல் ஒலித்தது. தம்பி குஞ்ஞூட்டியைத்தான் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார். போய் மெதுவாகச் சொல்லு, பக்கத்தில் இருந்து சொல்லு என்று அனுப்பியிருந்தார்.

"அவன் முதல்ல கோவிலுக்குப் போய் மணியடிக்கச் சொல்லிட்டு வந்தான். எல்லாரும் அப்படித்தானே செய்வாங்க. அவன் வீட்டுக்கு வந்தப்போ நான் தரையில கிடந்தேன். சொல்றதுக்கு என்ன மிச்சம் இருந்துச்சு?"

"ஆறு வருஷமா... என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீங்க அதுக்குக் கீழயே போய் நின்னீங்களே. அங்க நின்னாத்தான் உங்களுக்கு ஆறுதல்னா நின்னுட்டுப் போகட்டும்னு விட்டேன். முடியல. தினமும் விடியக்காலையில பூசைக்கு அது கரகரன்னு வாயைத் திறக்கும்போது, வீட்டுப் பேர் வந்துடுமோன்னு கையில இருக்கறதைப் போட்டுடறேன். இனிமே வர நமக்குப் பேரே இல்லை, தெரியும். ஆனாலும் முடியல."

அவள் உட்கார்ந்துவிட்டாள். றோசிலி டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவிராச்சன் நின்றுகொண்டே இருந்தார். ஒரு மாதமாக அச்சனைச் சந்தேகப்பட்டார், டீச்சரை, ஔதக்குட்டியை, எறணாகுளத்துக்காரனை எல்லாம் சந்தேகப்பட்டார். தினமும் சோறு போட்டவளிடம் அன்றைக்கு நீ எப்படித் தெரிந்துகொண்டாய் என்று ஒரு நாள் கூடக் கேட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இறக்கிடுங்க அச்சோ" என்றார். "இன்னிக்கே இறக்கிடுங்க."

"அப்போ நாம எங்க நிக்கறது?" என்று குஞ்ஞாக்கோ மெல்லக் கேட்டார்.

"எங்க வேணா நில்லு. வராந்தாவுல நில்லு, லத்தீன் கோவிலுக்குப் போ."

ஔதக்குட்டிக்கு நிர்வாகக் கவலை. அவர் தயங்கித் தயங்கி எழுந்தார். "கோவிச்சுக்காதீங்க, கேக்கணும்ல. குழாய் இல்லைன்னா சாவு அறிவிப்பை எப்படிச் செய்யறது? மலைக்கு அந்தப் பக்கமெல்லாம் வீடு இருக்கு. மணியடிச்சா ஏதோ சாவுன்னு தெரியும், யார்னு எப்படித் தெரியும்?"

அச்சன் ஏதோ சொல்ல எழுந்தார், அதற்குள் அவிராச்சன் கையைத் தூக்கினார்.

"நான் போறேன். ஜீப் இருக்கு. செத்தவங்க வீட்டுக்கு முதல்ல போறேன், மத்த வீடுகளுக்கு அப்புறம்."

"எந்த நேரத்துல ஆனாலுமா சேட்டா?" என்றார் அச்சன்.

"எந்த நேரத்துல ஆனாலும். ஆனா ஒண்ணு, அச்சோ. நான் திரும்பி வந்து சொல்ற வரைக்கும் இங்க யாரும் கயித்தைத் தொடக் கூடாது." அவர் பெண்கள் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "முதல்ல அம்மாகிட்ட சொல்லணும். அப்புறம்தான் மணி."