சின்னுசாமியின் காரும் கவிதாவின் மிளகும்

1

இந்தக் கதை கொல்லிமலைமேல் சோளக்காடு என்ற ஊரில் பஸ்ஸுக்காக நின்றபோது காதில் விழுந்த ஒரு சண்டையிலிருந்து வந்தது. பலாப்பழக் கடை ஓரமாக நாலு பேர், காருக்குப் புகை பில்டர் வேண்டுமா வேண்டாமா என்று சட்டசபை நடத்திக்கொண்டிருந்தார்கள். நான் பழம் வாங்குகிறவன்போல நின்று முழுவதையும் கேட்டேன். எழுத்தாளர்கள் இதைக் கள ஆய்வு என்பார்கள்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: “மூடுபனி விலகிய கொல்லிமலை வளைவில் ஒரு கார் பெருமூச்சு விட்டபடி…”

வேண்டாம். கார் பெருமூச்சு விடாது, புகைதான் விடும்.

2

சின்னுசாமி ஒரு டீசல் கார் வைத்திருந்தான். சோளக்காட்டுக்கும் அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கும் வாடகை ஓட்டம். அதன் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்க ஒரு பில்டர் உண்டு. சமவெளி ரோட்டில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டினால் சேர்ந்த கரி தானாக எரிந்துபோகும். மலை வளைவில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முனகிக்கொண்டே ஏறுகிற வண்டியில் எரியாது, அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், இழுவை செத்துவிடும். ஒருநாள் கல்யாணக் கோஷ்டியை ஏற்றிப்போய் வளைவில் நின்றதிலிருந்து சின்னுசாமிக்கு அந்த பில்டர் ஜென்ம விரோதி.

பேளுக்குறிச்சி மெக்கானிக் தமிழ்செல்வன் இரண்டு வழி சொன்னான். “அப்பப்ப நாமக்கல் ரோட்டுல விட்டு ஓட்டிட்டு வாங்கண்ணா, சுத்தமாயிரும். இல்லாட்டி கழட்டிரலாம்.”

“ஊரு சனமெல்லாம் அருவியில குளிக்க மலையேறி வருது. என்ற வண்டி குளிக்கறதுக்கு மலையெறங்கோணுமா? பில்டரெல்லாம் டவுனுக்குடா. எங்க காத்து சுத்தமாத்தான இருக்குது, அதையெதுக்கு வடிகட்டோணும்?”

(இந்த வாதத்தைப் பலாப்பழக் கடையில் மூன்று பேர் தலையாட்டி ஒப்புக்கொண்டார்கள். நாலாமவர் நல்லவேளையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.)

“அப்ப பில்டர் கூட்டை உட்டுட்டு உள்ளார இருக்கறத மட்டும் கொடஞ்சு எடுத்தர்றேன். குனிஞ்சு பாத்தாலும் ஒருத்தனுக்கும் தெரியாதுங்கண்ணா,” என்றான் தமிழ்செல்வன்.

[விமர்சகர்களுக்கு: என் போன நாவலைப் பற்றி நீங்கள் எழுதியதும் இதைத்தான்.]

3

சின்னுசாமியின் மனைவி கவிதாவை எனக்கு எழுத வரவில்லை. முதலில் அவளை மலையுச்சியைப் பார்க்கவைத்து, “இயற்கை நம் தாயல்லவா, அவளை நாம்…” என்று பேசவைத்தேன். அடித்துவிட்டேன். மிளகுக் காம்பு பொறுக்கிக்கொண்டிருக்கிறவளுக்கு மலையுச்சியைப் பார்க்க ஏது நேரம்?

அவள் தன் மிளகுக் கொடிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பதில்லை. பேளுக்குறிச்சிச் சந்தையில் “கவிதா மொளகு வந்துருச்சா?” என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவள் சம்பாதித்தது அந்தப் பேர் ஒன்றுதான். அதை அவள் யாருக்கும் விட்டுத்தர மாட்டாள்.

பில்டரைக் குடைந்தெடுத்துவிட்டுக் கார் திரும்பி வந்த அன்று அவள் கேட்டது இவ்வளவுதான்: “ஏனுங்க, அதுல நின்ன கரி இனி எங்க போவுமுங்க?”

“காத்துல போயிரும்.”

“காத்து எங்க போவுமுங்க?”

“உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?” என்றான் சின்னுசாமி. பதில் தெரியாத கணவர்கள் எல்லா ஊரிலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

4

மறுநாள் காலை வண்டியின் புதுத் தெம்பைக் காட்ட வாசலிலேயே ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதித்தான். வண்டிக்குப் பின்னால் தார்ப்பாயில் அந்த வருஷத்து மிளகு முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது. கரும்புகை அதன்மேல் போய்க் கவிந்தது.

இறங்கி ஓடிவந்து பார்த்தான். மிளகில் ஒன்றுமே தெரியவில்லை. கருப்பின்மேல் கருப்பு விழுந்தால் என்ன தெரியும்? நீலத் தார்ப்பாயின் ஓரத்தில்தான் தெரிந்தது. கவிதா விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“கழுவிட்டாப் போவுது,” என்றான்.

“காஞ்ச மொளகக் கழுவுனா பூசணம் புடிக்குமுங்க.”

“அப்ப அப்படியே கட்டு. யாருக்குத் தெரியப்போவுது?”

அவள் விரலில் ஒட்டிய கரியைச் சேலையில் துடைத்தாள். எனக்கு அந்த இடத்தில் அவனை ஓங்கி ஒன்று விடவேண்டும்போல இருந்தது.

5

முடிவுகள் சிலதை முயன்றேன்.

கவிதா அத்தனை மிளகையும் குப்பையில் கொட்டுகிறாள். (பரிசு கிடைக்கும். ஆனால் வருஷ விளைச்சலைக் கொட்டச் சொல்ல நான் யார்?)

சின்னுசாமி திருந்தி, பில்டரை மறுபடி மாட்டி, நாமக்கல் ரோட்டில் கையசைத்தபடி… (அரசாங்க விளம்பரம்.)

ஆகவே சந்தை நாளுக்கு வருகிறேன். இரண்டு பேரும் காரில் மலையிறங்கினார்கள். டிக்கியில் அதே மிளகு, மூட்டையாக இருந்தது. கடை விரித்ததும் ஓர் ஆள் வந்து, மூட்டைக்குள் கைவிட்டு ஒரு மிளகை எடுத்தார்.

“மருந்தடிச்சதுங்களா?”

கவிதா கணவனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லீங்க,” என்றாள். அது பொய்யில்லை.

அந்த ஆள் மிளகை வாயில் போட்டுக்கொண்டார். அவர் நீங்கள்தான். கடித்துப் பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறதென்று அவள் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.