மை விழாத பக்கம்

காசு வாங்கி அச்சடித்த எதுவும் அந்தப் பத்திரிகை அச்சக மெஷின்மேன் குடும்பத்தின் கண்ணுக்குத் தெரியாது. அவருடைய அப்பாவுக்கு முதலில் நகைக்கடை விளம்பரங்கள் மறைந்தன. அக்காவுக்குக் கல்யாணமான வருஷம் சோப்பு விளம்பரங்கள். மற்றபடி மங்கிய வெளிச்சத்திலும் ஊசியில் நூல் கோப்பார்கள். மெஷின்மேனுக்கு அது வேலை நேரத்தில் வந்து தொலைத்தது. முதல் பக்கம் வெள்ளையாக வந்து விழ, மை தீர்ந்துவிட்டதென்று மெஷினை நிறுத்திவிட்டார். மேனேஜர் தலைதெறிக்க ஓடிவந்தார்.

"யோவ், முழுப்பக்கம் ஜவுளிக்கடை விளம்பரம்யா! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

வேலை போயிருக்க வேண்டியது. காப்பாற்றியது இரக்கம் அல்ல, நஷ்டம். தாள் விலை ஏறி, விற்ற ஒவ்வொரு பிரதியும் முதலாளியின் கையைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் வரவழைத்த பொருளாதார ஆலோசகர், நிருபர்கள் செய்திக்குள் தனியாகக் காசு பார்ப்பதாகவும், அது நிர்வாகத்துக்குச் சேர வேண்டிய காசு என்றும் கண்டுபிடித்தார். எந்த நிருபர் என்பதுதான் தெரியவில்லை. உடனே ஆசிரியர் அறையில் மெஷின்மேனுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் எங்கே வெள்ளை தெரிகிறதோ அங்கே விரலை வைப்பார். எழுதியவனிடம் முதலாளி பங்கு கேட்பார். நேர்மை வளரவில்லை, வசூல் வளர்ந்தது. ஒருநாள் விரல் தலையங்கத்தில் நின்றது.

"இங்கயும் ஒண்ணும் இல்லீங்களே ஐயா."

"அது நான் வாங்கினது. நீ அடுத்த பக்கத்தைப் பாருப்பா," என்றார் முதலாளி.

பரம்பரைக் கண்நோயை ஆராயும் டாக்டர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, குடும்பம் மொத்தத்துக்கும் ரத்தம் எடுத்தார். மாட்டைத் தடவிப் பார்ப்பவர் மாட்டிடம் எவ்வளவு பேசுவாரோ அவ்வளவுதான் பேசினார். மெஷின்மேனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: தாயில்லாமல் வளர்த்த மகளுக்கும் இது வருமா? அதே பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் அவளுக்கு வேலை சொல்லிவைத்திருந்தார்.

"முடிவு பேப்பர்லயே வரும், பார்த்துக்கோங்க," என்றார் டாக்டர்.

வந்தது. டாக்டரின் ஆஸ்பத்திரி பணம் கட்டி முழுப்பக்கம் எடுத்திருந்தது. மெஷின்மேனுக்கு அது வெறும் தாள். விரல் வைத்த மனுஷனுக்கு ஆபீசில் எவன் வாசித்துக் காட்டுவான்? வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் நீட்டினார்.

"நீயே படிச்சுச் சொல்லும்மா."

அவள் முன்னும் பின்னும் திருப்பினாள். "என்னத்தப்பா படிக்கச் சொல்ற? வெத்துப் பேப்பரைத் தூக்கிட்டு வந்திருக்க."

அவர் தாளை வாங்கி மடித்தார்.

விளம்பரப் பிரிவு அவளை வேண்டாமென்றது. முதலாளிக்கோ வாயெல்லாம் பல். அடுத்த மாதம் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். ஞாயிறு இணைப்பை அவள் பார்த்துக்கொள்கிறாள்.