கங்காணி காட்டிய திருப்பங்கள்

சின்னமுத்துக் கங்காணி என் கையால் கஞ்சி குடித்துப் பிழைத்தான் என்று கட்டுகஸ்தோட்டை வேதக்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். மார்த்தாளுடைய இரக்கம் பெரியது என்பார்கள். அவனை எதற்காகப் பிழைக்க வைத்தாய் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர்களுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

மார்த்தாள் என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். கோபம் வந்தால் நான் பழைய வேலாயிதான். அந்த நாட்களில் எனக்குக் கோபம் வராத பொழுது குறைவு.

அது கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் கொழுத்த காலம். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆட்கள் கூட்டங்கூட்டமாக வருவார்கள். மன்னாரில் இறங்கி, காடு தாண்டி, மாத்தளை வழியாகக் கண்டிக்கு நடை. வழியில் பேதி. பேதி கண்டவனைச் சுமந்துகொண்டு நடக்க ஆள் பிடித்துக் கூட்டி வருகிற எந்தக் கங்காணிக்கும் மனசு வராது. வழியில் விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி விடப்பட்டவர்களைத் தேடி எடுத்து வந்து வைப்பதற்காகத்தான் ஞானமுத்து உபதேசியார் ஆற்றோரத்தில் ஓலைக் கொட்டகை போட்டிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம்போட்டுப் பேசத் தெரியாதவர். கஞ்சி காய்ச்சுவதும் கழிந்த துணி அலசுவதும் என் வேலை.

ஒருநாள் காலையில் அக்குறணை ஹுஸைன் நானாவின் மாட்டு வண்டி கொட்டகை வாசலில் நின்றது. உப்பு மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆள் சுருண்டு கிடந்தான்.

"அலவத்துகொடைக்கு இங்கால கெடந்தார், தங்கச்சி. மேல துணி ஒண்டும் இல்ல. மூச்சு ஈக்குது," என்றார் நானா. ஆளைத் தானே தூக்கி வந்து பாயில் கிடத்திவிட்டு, ஆற்றில் கை கழுவிக்கொண்டு வண்டியை ஓட்டிப் போனார்.

போர்த்துவதற்காகக் கம்பளியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். வலது காது மடல் இரண்டாகக் கிழிந்திருந்தது. அந்தக் காதை எனக்குத் தெரியும். பதினைந்து நாள் அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே அவன் பின்னால் நடந்தவள் நான்.

எட்டு வருஷத்துக்கு முன் என்னையும் என் புருஷனையும் கூட்டத்தோடு கண்டிச் சீமைக்குக் கொண்டுவந்தவன் அவன். மாத்தளை தாண்டியதும் என் புருஷனுக்குப் பேதி கண்டது. இரண்டு நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் விழுந்துவிட்டார். கங்காணி வந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தான். "முடிஞ்சிருச்சு. நடங்க," என்றான். புறப்படும்போது அவர் மேல் நான் போர்த்தியிருந்த கம்பளியை இழுத்தான். செத்தவனுக்குக் கம்பளி எதற்கு? வேறொருவனுக்கு ஆகும்.

கம்பளி வரவில்லை. என் புருஷன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். கங்காணி உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கம்பளியை உருவினான். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். நான் திரும்பிப் பார்த்தேன். பாதையை மறைத்த மண்மேடுதான் தெரிந்தது. நான் நடந்தேன். அதை மறைக்க மாட்டேன், நான் நடந்துதான் போனேன். கண்டியில் எங்களைத் தோட்டத்தில் ஒப்படைத்துவிட்டு, அவன் அடுத்த கூட்டத்துக்கு ஆள் பிடிக்கத் திரும்பிவிட்டான். தெல்தோட்டையில் நான் கோப்பி பிடுங்கிய காலமெல்லாம் அவன் முகத்தில் காறித் துப்ப ஒரு நாள் வேண்டும் என்றுதான் கிடந்தேன். தோட்டத்தை விட்டு உபதேசியாரிடம் வந்து சேர்ந்த பிறகும் அந்த எண்ணம் போகவில்லை.

இப்போது அவனே வந்து கிடந்தான். அவனுடைய ஆட்களே அவன் கம்பளியை உருவியிருந்தார்கள். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. அறுக்கிற அரிவாள் என் கையில் இருக்க வேண்டும்.

அவன் யாரென்று நான் உபதேசியாரிடம் சொல்லவில்லை. "மார்த்தாள், மருந்து முடிஞ்சு போச்சு. நான் டவுனுக்குப் போட்டு வாறன். நீர் இந்த ஆளைப் பாத்துக்கொள்ளும்," என்று அவர் புறப்பட்டார். "பாத்துக்கிறேங்க," என்றேன்.

"தண்ணி," என்றான் கங்காணி.

உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைச் சட்டியோடு அவன் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன். "என்னத் தெரியுதா?"

கண்ணைத் திறந்து பார்த்தான். தெரியவில்லை.

"எட்டு வருசத்துக்கு முன்ன, அலவத்துகொடைக்கு அங்கிட்டு எம் புருசன விட்டியே. கம்பளிய உருவினியே."

"பேரு?"

நாங்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. வேதத்துக்கு வந்த பிறகும் என் நாக்குக்கு அது வரவில்லை. அவன் மெல்லத் தலையை ஆட்டினான்.

"எத்தனயோ பேர விட்டிருக்கேன், தாயி. எந்த ஆளுன்னு தெரியலையே."

எட்டு வருஷமாக அவனை நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறேன். என் புருஷன் அவன் நினைவில் ஒரு பொழுதுகூட இருக்கவில்லை. அவன் மேல் கிடந்த கம்பளியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அவனும் பிடித்துக்கொண்டிருந்தான்.

உட்கார்ந்து விரலைப் பிரித்தேன். ஒன்று. இரண்டு. விரல்கள் சில்லென்று இருந்தன. மூன்றாவது விரலுக்கு வந்தபோது, இந்த வேலை எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்தேன். உடனே கையை எடுத்துவிட்டேன். இரக்கம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அவனுடைய கை எனக்கு முளைத்துவிட்டதே என்றுதான் எடுத்தேன்.

இன்னொன்றும் இருந்தது. இப்போது செத்தால் இவன் மறந்தபடியே போய்விடுவான். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"நெனவு வர்ற வரைக்கும் நீ சாகக் கூடாது," என்று சொல்லி, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக் கஞ்சித் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் ஊட்டினேன். ஆண்டவரே, இவனைப் பிழைக்க வையும், நான் இவனை விடுவதாக இல்லை என்று ஜெபித்தேன். அந்த ஜெபத்தைக் கேட்டிருந்தால் உபதேசியார் எனக்கு மறுபடியும் முதலிலிருந்து ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்.

ஐந்து நாள் ஊட்டினேன். கழிந்ததை அள்ளினேன், துணி அலசினேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான். ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்தான்.

"என்ன எங்க எடுத்தாங்க? திருப்பத்துலதான?" என்று கேட்டான்.

"ஏன் கேக்குற?"

"ஆள எப்பவும் திருப்பத்துலதான் விடுவோம். பத்து எட்டு வச்சா மறைஞ்சிரும். பொண்டாட்டி புள்ளைக திரும்பிப் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது, கூட்டம் நிக்காம நடக்கும். எங்கூட வந்தவங்களுக்கு நாந்தான் அதச் சொல்லிக் குடுத்தேன்."

எனக்கு அந்த மண்மேடு ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமாக உபதேசியாரும் நானும் தேடியதெல்லாம் வழிப்போக்கர் தங்கும் அம்பலங்களிலும் கிணற்றடியிலும் பெரிய மரத்தடியிலும்தான். நிழலும் தண்ணீரும் பார்த்துத்தானே ஒரு மனுஷனை விட்டிருப்பார்கள் என்று நினைத்தோம். நாங்களாக இருந்தால் எங்கே விடுவோமோ அங்கே போய்த் தேடினோம். விட்டுப் போனவன் எங்களைப் போல இல்லை என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை. எத்தனை பேர் நாங்கள் கடந்துபோன திருப்பங்களில் கிடந்து செத்தார்களோ.

"எந்திரி. எந்தெந்தத் திருப்பம்னு காட்டு," என்றேன்.

"நடக்க முடியலையே."

"முடியாதவங்கள நீ நடக்க வச்சதில்லையா? எந்திரி."

கோலை ஊன்றிக்கொண்டு காட்டினான். மாத்தளைப் பாதையில் பதினொரு திருப்பங்கள். நாலாவது திருப்பத்தில் எலும்பு கிடந்தது. ஏழாவதில் உயிரோடு ஒருவன் கிடந்தான். அவனைச் சுமக்கச் சொல்லிக் கங்காணியின் முதுகில்தான் ஏற்றினேன். தள்ளாடினான். நான் கை கொடுக்கவில்லை. பின்னாலிருந்து அவன் மூச்சு இரைப்பதைக் கேட்டுக்கொண்டு நடந்தேன். மனசுக்குச் சுகமாக இருந்தது. உபதேசியார் அதைப் பார்த்துவிட்டு, "ஆண்டவர் இந்த மனுசனை மாத்திப்போட்டார்," என்று கண் கலங்கினார்.

அப்படியே மழைக்காலம் வந்தது. அவன் போகலாம், போகவில்லை. போக இடமுமில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை திருப்பங்களுக்கு நடந்தான். நான் வராத நாளிலும் நடந்தான். ஒருநாள் பிற்பகல் ஒரு பெண்ணை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். பாயில் கிடத்திவிட்டு, அவள் மேல் கிடந்த நனைந்த கம்பளியை எடுத்து உலர்ந்ததைப் போர்த்தப் பார்த்தான்.

"விட மாட்டேங்குது," என்றான்.

அவள் விரல்கள் கம்பளியைப் பிடித்திருந்தன. அவன் பிரிப்பதற்காகக் கையைக் கொண்டுபோனான். கொண்டுபோன கை அப்படியே நின்றது. அவன் மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

"ஒரு ஆளு," என்றான். "எடது கையில சுண்டுவெரல் இல்ல. நாலு வெரலத்தான் பிரிச்சேன். அலவத்துகொடைக்கு அங்கிட்டு மூணாவது திருப்பம். செத்திருக்கல. எனக்குத் தெரியும் தாயி, செத்திருக்கல."

ஊரில் செக்கில் மாட்டி நசுங்கிப்போன விரல் அது. அதை நான் இந்தக் கரையில் யாரிடமும் சொன்னதில்லை.

எட்டு வருஷம் காத்திருந்த பழி கைக்கு வந்துவிட்டது. துப்புவதற்காகச் சேர்த்து வைத்திருந்த எச்சில் ஒரு துளிகூட இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"பேரு என்ன, தாயி?"

"கறுப்பையா," என்றேன். முதல் தடவையாகச் சொன்னேன்.

"கறுப்பையா," என்று அவனும் சொன்னான். பிறகு, "என்ன மன்னிச்சிட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல."

அந்தப் பெண்ணின் கையைக் கம்பளியோடு அப்படியே விட்டு, மேலே உலர்ந்ததைப் போர்த்தினேன். பிறகு ஒரு சட்டியில் கஞ்சி ஊற்றி அவன் முன்னால் வைத்தேன்.

"ஆறிப்போவுது, குடி. நாளைக்கும் நடக்கணும்."