விழுந்த பலகைக்கு எத்தனை மதிப்பெண்

1

“அப்போ எழுதிட்டீங்களா மேடம்?”

“எழுதிட்டேன் அண்ணே.”

“என் பேரையுமா?”

பேருந்தில் என் காதில் விழுந்தது இவ்வளவுதான். முன் இருக்கையில் ஒரு பெண்; பக்கத்தில், மடியில் தலைக்கவசத்தோடு நெட்டையாக ஒரு மனிதர். அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கிவிட்டார்கள். மீதியை நானே கட்டிக்கொண்டேன்.

2

‘பனி பெய்துகொண்டிருந்தது’ என்று தொடங்கினேன். மொழிபெயர்ப்பு நாவல்களால் வந்த வினை. அங்கே பெய்தது சிமெண்டுத் தூசி.

வானளாவிய அந்தக் கட்டடத்தின் நிழலில்… (வேண்டாம். நாலு மாடிதான்.)

சரி, நேராகவே சொல்கிறேன். கட்டட வேலை நடக்கும் இடங்களைச் சுற்றிப் பார்த்து, தொழிலாளர்களின் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் மதிப்பெண் போடுவது பேருந்தில் பார்த்த அந்தப் பெண்ணின் வேலை. அவள் வரும் நாளில் எல்லார் தலையிலும் புதுத் தலைக்கவசம் ஏறிவிடும். சிலவற்றில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிந்திருக்காது. ஏதாவது நடந்ததா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள், ஒரே குரலில்.

இந்த முறை சாரம் கட்டும் குழுவின் தலைவர் வாயைத் திறந்துவிட்டார். பேருந்தில் இருந்த அந்த நெட்டை மனிதர்தான்; ஏணி என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து ஒரு பலகை விழுந்ததாம். அதற்குச் சற்றுமுன் வரை ஒரு சித்தாள் பெண் அது விழுந்த இடத்தில்தான் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாளாம்.

யாருக்கும் அடிபடவில்லையே, பிறகு ஏன் சொல்கிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

“அடிபட்டிருந்தா ஊரே சொல்லியிருக்கும் மேடம். நான் வேற தனியாச் சொல்லணுமா?”

(இந்த இடத்தில் அவரைத் தியாகியாக்க ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன். பலகையைச் சரியாகக் கட்டாமல் விட்டதே அவருடைய ஆட்கள்தான்.)

3

சிக்கல் இதுதான். அவளுடைய தாளில், பதிவாகும் விபத்துகள் குறையக் குறைய மதிப்பெண் கூடும். மறைத்தவர் பிழைப்பார், சொன்னவர் மாட்டிக்கொள்வார். மதிப்பெண் இறங்கினால் ஏணியின் குழுவையே வெளியே அனுப்பிவிடுவேன் என்று சைட் இன்ஜினியர் சொல்லிவிட்டார். பலகையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அவளிடம் குழைந்தும் பார்த்தார்.

அவள் எழுதினாள். தாளின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் வரைந்து, ‘தாங்களே முன்வந்து சொன்னவை’ என்று தலைப்பிட்டு, அதற்கு மதிப்பெண்ணைக் கூட்டினாள். மேலிடம் ஒப்புக்கொள்ளுமா என்பது அவளுக்கே தெரியாது. இன்ஜினியரிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

4

முடிவு ஒன்று: மேலிடம் கட்டத்தை அடித்துவிடுகிறது. ஏணியின் குழு மூட்டை கட்டுகிறது. (எழுதிப் பார்த்தேன். அன்று முழுக்க யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: எல்லாரும் கைதட்ட, அவள் கண்கள்… (போதும்.)

இரண்டையும் கிழித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது இதுவரைதான்: அவள் வாசலைத் தாண்டும்போது இன்ஜினியர் பின்னாலேயே வந்தார். மறுபடி பலகைக்காகக் கெஞ்சப்போகிறார் என்று அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். அவரோ இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். காலில் நீளமாக ஒரு சிராய்ப்பு, ஆறத் தொடங்கியிருந்தது.

“ரெண்டாவது மாடித் தரையில ஒரு ஓட்டை. மூடச் சொல்ல மறந்துட்டேன், கடைசியில நானே காலை விட்டுட்டேன். வீட்டுலகூடச் சொல்லலை.” குரல் தணிந்தது. “அந்தப் புதுக் கட்டத்துல ஏணி பேருக்குப் பக்கத்துல என் பேரையும் எழுதிக்குங்களேன் மேடம்.”